ஹோட்டல் மிச்சம் தின்னத் தடை: ஐரோப்பாவில் ஈப் புழுக்களுக்கு ஏன் இந்த டயட்?

ஈ மொய்த்த சாப்பாட்டைத் தூக்கிப் போடுவது வழக்கம். தூக்கிப் போட்ட சாப்பாட்டைத் தின்பதற்கென்றே ஈ வளர்க்கிறார்கள் தெரியுமா?

இந்த ஈயின் பெயர் பிளாக் சோல்ஜர் ஃப்ளை. வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து உட்காராது. ஜோடி சேர்ந்து, சுமார் 500 முட்டை போட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் ஆயுளை முடித்துக்கொள்ளும். தின்கிற வேலை முழுக்கப் புழுவுக்குத்தான். காய்கறித் தோல், அழுகிய பழம், மீந்த சோறு என எது கிடைத்தாலும் தின்று, இரண்டு மூன்று வாரத்தில் கொழுத்துவிடும். உலர்த்திப் பொடித்தால் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். மீனுக்கும் கோழிக்கும் தீவனம் ரெடி. புழுவின் எச்சமும் தின்றது போக மிஞ்சியதும் உரம்.

சரி, சிக்கல் எங்கே?

1980-களில் பிரிட்டனில், மாட்டிறைச்சிக் கழிவையும் எலும்பையும் அரைத்து மாடுகளுக்கே தீவனமாகப் போட்டதில் 'மேட் கவ்' நோய் பரவியது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. விலங்குப் புரதத் தீவனத்துக்கு 2001-ல் தடை போட்ட ஐரோப்பிய ஒன்றியம், பூச்சிப் புரதத்தை மீன்களுக்கு 2017-லும் கோழி, பன்றிகளுக்கு 2021-லும் அனுமதித்தது. ஆனால், சட்டப்படி வளர்ப்புப் பூச்சியும் ஒரு பண்ணை விலங்குதான்! பன்றிக்குப் போடக்கூடாத ஹோட்டல், சமையலறை மிச்சத்தைப் புழுவுக்கும் போடக்கூடாது.

விளைவு? பீர் ஆலைச் சக்கை, தவிடு, காய்கறி ஆலைக் கழிவு எனப் புழுவுக்குக் கிடைப்பதில் பலவும் மாடே நேரடியாகத் தின்னக்கூடியவை. அதைக் காசு கொடுத்து வாங்கி, குளிர்நாட்டில் ஹீட்டர் போட்டுப் புழு வளர்த்தால் விலை எப்படிக் கட்டுப்படியாகும்? 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. அதில் 60 சதவீதம் வீடுகளில் இருந்து. அந்தப் பெரிய குவியலைத்தான் ஐரோப்பியப் புழு தொட முடியாது.

சீனா, இந்தோனேசியாவில் சமையலறைக் கழிவையே புழுவுக்குப் போடும் ஆலைகள் ஓடுகின்றன. அதற்காக ஐரோப்பாவின் பயத்தை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. கழிவில் காட்மியம் இருந்தால் இந்தப் புழுவின் உடலிலும் சேரும். ஹோட்டல் பக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யார் பார்ப்பது?

இறைச்சி, மீன் கலந்த, விற்காமல் போன சூப்பர்மார்க்கெட் உணவையாவது முதலில் அனுமதியுங்கள் என்று கேட்கிறது, ஐரோப்பியப் பூச்சி வளர்ப்பு நிறுவனங்களின் சங்கம். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதாவது லேபிளில் இருக்குமே!