ஆராய்ச்சிக்கு இடம், ஆராய்ச்சிக்குப் பணம்

அறிவியலிலோ பொறியியலிலோ முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்ய வரும் மாணவருக்கு மூன்று வேண்டும். வேலை செய்ய ஓர் ஆய்வகமும் வழிகாட்டியும். மாதம்தோறும் கைக்கு வரும் உதவித்தொகை. கடைசியில் பட்டம் வழங்க ஒரு பல்கலைக்கழகம். இவை மூன்றும் ஒரே வாசலில் கிடைத்துவிடும் என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். சில நிறுவனங்களில் அப்படியே கிடைக்கவும் செய்கிறது. மற்ற பல இடங்களில் ஆய்வகம் ஓர் அமைப்பினுடையது, பணம் இன்னொன்றினுடையது, பட்டம் மூன்றாவது ஒன்றினுடையது. அதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்பவர்கள், பதிவு செய்த பிறகுதான் பணத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் தேர்வுக்கான வயது வரம்பு கடந்திருக்கும், அல்லது அந்த ஆண்டின் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.

இந்த வேறுபாடுகள் அத்தனையையும் கிண்டிக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவிலேயே பார்க்க முடியும். 1959-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யில் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன: சேர்க்கை கிடைத்தால் உதவித்தொகையும் பெரும்பாலும் கூடவே வரும், பட்டமும் அங்கேயே. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இருக்கும் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்.மும் இந்த வகைதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வேறு மாதிரி. சி. ராஜம் 1949-இல் நிறுவிய அந்தக் கல்லூரி 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. ஆய்வகம் குரோம்பேட்டையில் இருந்தாலும் பதிவும் பட்டமும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். பணமோ மாணவர் தேர்வெழுதி வென்ற ஃபெலோஷிப்பாகவோ, பல்கலைக்கழகம் தரும் அண்ணா நூற்றாண்டு ஆராய்ச்சி உதவித்தொகையாகவோ, வழிகாட்டியின் திட்டப் பணமாகவோ இருக்கும். எதுவும் இல்லாமலும் சேரலாம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

கிழக்குத் தாம்பரத்தின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837-இல் தொடங்கி, 1937-இல் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. அதன் அறிவியல் துறைகளில் ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். இதுபோன்ற கல்லூரிகளில் வழிகாட்டி உண்டு, ஆய்வகம் உண்டு. உதவித்தொகையைப் பொதுவாக மாணவரே கொண்டுவர வேண்டும். அடையாறில் 1948-இல் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் சி.எஸ்.ஐ.ஆர். எனும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகங்கள். அங்கே சேர்பவர் ஃபெலோஷிப்போடு போவார்; பட்டத்துக்கு அந்தக் குழுமத்தின் சொந்த அமைப்பான ஏ.சி.எஸ்.ஐ.ஆர். இருக்கிறது, அல்லது வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யலாம். தரமணியில் 1962 முதல் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கும், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கும் பணம் அணுசக்தித் துறையிலிருந்து வருகிறது, பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரில். பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. கடலடி வாகனங்களும் மிதவைக் கருவிகளும் அங்கே உருவாகின்றன, ஆனால் அங்கே ஆராய்ச்சி செய்பவருக்குப் பட்டம் வெளியே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்துதான் வர வேண்டும். சிறுசேரியின் சென்னைக் கணிதவியல் கழகம் தானே தேர்வு நடத்தி, தானே உதவித்தொகையும் பட்டமும் தருகிறது.

வண்டலூர் கிரசென்ட், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் சாலையின் வி.ஐ.டி. போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முழுநேர ஆராய்ச்சியாளர்களுக்குத் தங்கள் நிதியிலிருந்து தொகை தருகின்றன. இங்கே பார்க்க வேண்டியவை மூன்று: தொகை எத்தனை ஆண்டுகளுக்கு, ஆண்டுக் கட்டணம் போக மிஞ்சுவது எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள்.

பணத்துக்கான வழிகளில் முதன்மையானது நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி ஃபெலோஷிப். அறிவியல் மாணவர்கள் எழுதுவது சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட். வேதியியல், இயற்பியல், கணிதம், உயிர் அறிவியல், புவி மற்றும் கடல் அறிவியல் என ஐந்து பாடங்களில் ஆண்டுக்கு இருமுறை நடப்பதாக இருக்கிறது. கணினி அறிவியல், மின்னணு அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவை யு.ஜி.சி.யின் இன்னொரு நெட்டில் இருக்கின்றன. பொறியியல் முடித்தவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வும் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், ஒரு குழு வேலையை மதிப்பிட்டு மேல்நிலைக்கு உயர்த்திய பின் 42,000 ரூபாய். விடுதி இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. சென்னை மத்திய அரசின் வகைப்பாட்டில் முதல் வரிசை நகரம் என்பதால் அந்தப் படி இங்கே உயர்ந்த வீதத்தில் கிடைக்கும். ஜே.ஆர்.எஃப். மாணவரின் பெயரில் வருவது என்பதுதான் அதன் பெரிய பலம். எந்த வழிகாட்டியிடம் போனாலும் அது கூடவே வரும். பணத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவரைச் சேர்த்துக்கொள்ளத் துறைகள் தயங்குவதில்லை.

2024 ஜூன் சுற்றிலிருந்து நெட்டின் முடிவு மூன்று படிகளாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டிலும் தேர்ச்சி பெற்றால் இடத்துக்கு வழி திறக்கும், பணம் வராது. தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் வைத்துப் பல்கலைக்கழகங்கள் தரவரிசை போடுகின்றன. “நெட் பாஸ்” என்று சொல்லும்போது மூன்றில் எது என்று கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

பொறியியலுக்குக் கேட் தேர்வுதான் வாசல். பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் தேறியவர் ஐ.ஐ.டி.யில் சேர்க்கை பெற்றால் அரைநேர ஆராய்ச்சி உதவியாளர் என்ற பெயரில் மேலே சொன்ன அதே அளவு தொகை கிடைக்கும். அதற்கு ஈடாக விடைத்தாள் திருத்துவது, ஆய்வகப் பாட வகுப்புகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள் வாரத்தில் சில மணி நேரம் இருக்கும். இயற்பியலுக்கும் கோட்பாட்டுக் கணினியியலுக்கும் ஜெஸ்ட் என்ற தேர்வும், கணிதத்துக்குத் தேசிய உயர்கணித வாரியத்தின் தேர்வும் உண்டு. தரமணிக்கும் கல்பாக்கத்துக்கும் போக நினைக்கிறவர்கள் இவற்றை விட்டுவிடக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலே பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப் இருக்கிறது. 2018-இல் அறிவித்தபோது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டில் 75,000, கடைசி இரண்டில் 80,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சம் ஆராய்ச்சிச் செலவுக்குத் தனியாக. பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பிடித்த முதுநிலை மாணவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஃபெலோஷிப் உண்டு. அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆராய்ச்சி செய்பவர்களுக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. அதற்கான தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. முழுநேரமாக ஆராய்ச்சி செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் மத்திய அரசின் தேசிய ஃபெலோஷிப்பும் தனி.

இன்னொரு வாசல், பேராசிரியர் ஒருவர் தன் திட்டத்துக்காக விளம்பரம் செய்யும் ஜே.ஆர்.எஃப். வேலை. நாளிதழில் வராது, நிறுவனத்தின் இணையதளத்தில் இரண்டு, மூன்று வாரம் தொங்கும், பிறகு மறைந்துவிடும். இதில் சேர்வது எளிது, நேர்காணல் ஒன்றோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பணம் திட்டத்தினுடையது. திட்டங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளில் முடிகின்றன. முனைவர் பட்டமோ நான்கு, ஐந்து ஆண்டுகள் எடுக்கும். சேரும் முன்பே திட்டம் எப்போது தொடங்கியது, எவ்வளவு காலம் மிச்சம், பிஎச்.டி. பதிவுக்கு அனுமதி உண்டா, திட்டம் முடிந்த பிறகு தொகைக்கு என்ன வழி என்று கேட்டுவிட வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று மாணவர்கள் தயங்குகிறார்கள். இருபத்து மூன்று வயதில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பொறுப்போடு வரும் பிள்ளைக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. நல்ல வழிகாட்டி இதற்கு நேராகவே பதில் சொல்வார்.

சென்னை ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு இருமுறை, ஜூலை சுற்றுக்கும் ஜனவரி சுற்றுக்கும், ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்க்கின்றன. ஜூலைக்கான விண்ணப்பங்கள் கோடையின் தொடக்கத்திலேயே திறந்துவிடும். அதனால் முதுநிலை இறுதியாண்டின் டிசம்பருக்குள் தேர்வுகளைத் திட்டமிட்டுக்கொண்டவர்களுக்கே கணக்கு சரியாக வரும். ஆவணங்களில் அதிகம் பேர் தடுக்கி விழுவது சாதிச் சான்றிதழில். தமிழக அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறித்த ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தோடு கேட்கும் ஆராய்ச்சி நோக்க அறிக்கையில் சிறுவயதிலிருந்தே விஞ்ஞானம் பிடிக்கும் என்ற கதையை யாரும் தேடுவதில்லை. முதுநிலைத் திட்டத்தில் எதை அளந்தார், எது தவறிப்போனது, அதை எப்படிச் சரிசெய்தார், அடுத்து எதைப் பார்க்க விரும்புகிறார் என்று இரண்டு பக்கத்தில் எழுதினால் போதும். காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை அடுக்குவது பலன் தராது. தேர்வுக் குழுவினருக்கு அந்த இதழ்களின் பெயர்கள் நன்றாகத் தெரியும்.

நேர்காணல் அடிப்படைகளிலேயே சுழலும். பொறியியல் துறைகளில் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், மாணவர் தனக்குப் பிடித்தது என்று சொன்ன இரண்டு, மூன்று பாடங்கள். பிடித்த பாடத்தை முன்கூட்டியே முடிவு செய்து, இளநிலைப் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்துப் போவதே சரியான தயாரிப்பு. தமிழ்வழியிலும் அரசுக் கல்லூரியிலும் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தை எண்ணிப் பயப்படுகிறார்கள். பலகையில் வரைபடமும் சமன்பாடும் எழுதிக்கொண்டே பேசினால் பாதி தடை நீங்கிவிடும். விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக் காட்டுபவரைக் குழு விரும்புகிறது. அவர்கள் ஐந்து ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்யப் போகிறவரைத் தேடுகிறார்கள்.

தனியார் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்பவர்கள் தாம்பரத்தைச் சுற்றி நிறையப் பேர். அவர்களுக்கு நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், உதவித்தொகை கிடையாது. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு; அதற்குமேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பு பெறலாம். பெண்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு கூடுதலாகவும், 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. வகுப்பும் குடும்பமும் ஆய்வும் சேர்ந்த சுமையில் ஆறு ஆண்டு வேகமாகக் கரைந்துவிடும். வயது இருக்கும்போது ஒருமுறையாவது ஜே.ஆர்.எஃப்.புக்கு முயன்று பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வருவதே நியாயமானது.

வெளிநாட்டில் கணக்கு வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், பொறியியல் துறைகள் பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணத்தை விலக்கி, கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் தருவது வழக்கம். விண்ணப்பம் டிசம்பர் வாக்கில், சேர்க்கை ஆகஸ்டில். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ஆராய்ச்சி மாணவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். வேலைக்கு விண்ணப்பிப்பது போலவே அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி இடங்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: சேரப்போகும் நாட்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவில் இருந்து நேராக விண்ணப்பிப்பவருக்கு அது தடையாக வராது. இந்த நாடுகளில் பேராசிரியருக்கு நேரடியாக எழுதும் மின்னஞ்சலுக்கு மதிப்பு அதிகம். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியோடு பத்து வரியில் எழுதியதற்குப் பதில் வரும் வாய்ப்பு உண்டு. நூறு பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். சம்பளம் தராமல், கட்டணமும் கேட்டு வரும் சேர்க்கைக் கடிதத்தை, அறிவியல் துறையில் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், மறுத்துவிடலாம்.

சேர்ந்த பிறகும் முதல் தொகை உடனே வராது. சேர்க்கை அறிக்கை நிறுவனத்திலிருந்து ஃபெலோஷிப் தரும் அமைப்புக்குப் போக வேண்டும், வங்கிக் கணக்கும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும், நிறுவனம் மாதம்தோறும் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். சில மாதத் தொகை சேர்ந்து ஒரே தவணையாக வருவது சகஜம். விடுதி இல்லாமல் சேலையூரிலோ மேடவாக்கத்திலோ அறை எடுக்கிறவர் முன்பணத்தோடு நான்கு மாத வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கையில் வைத்துக்கொண்டு சேர வேண்டும். அது முடியாதவர்கள் விடுதி வசதியும் சொந்த நிதியும் உள்ள நிறுவனத்தை விண்ணப்ப வரிசையில் முதலில் வைப்பது நல்லது.