வராதவர் நோட்டு

போன வாரம் ஏர்வாடியில் நிறுத்தியிருந்தேன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், காலில் சங்கிலியோடு 28 மனநோயாளிகள் தீயில் மாண்டுபோன கதை. படித்தவர்களில் பலர் கேட்டது ஒன்றுதான்: “அதுவரைக்கும் அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது?” பதில் சொல்ல ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். ஊரும் மாற வேண்டும். திருச்சிக்கு வாருங்கள்.

1996ஆம் ஆண்டு மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியபோது நாடு முழுவதும் நான்கே மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆந்திரம், அசாம், ராஜஸ்தான், தமிழ்நாடு என மாநிலத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டில் அந்த மாவட்டம் திருச்சிராப்பள்ளி. கரூரும் பெரம்பலூரும் பிரிந்துபோய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தேசிய மனநலத் திட்டம் என்று ஒன்று 1982லேயே வந்துவிட்டது, காகிதத்தில் இருந்தது. அதை ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்க்க முடியும் என்று காட்டியது 1985 வாக்கில் கர்நாடகத்தின் பெல்லாரி. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாலைந்து மாத்திரைகளை வைத்துக்கொண்டு வைத்தியம் செய்ய வைத்தார்கள். அந்த வழியில்தான் திருச்சியும் இறங்கியது.

அதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு என்ன வழி இருந்தது? சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறி, முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் போய், கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையில் இறங்க வேண்டும். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரே வசவாகிப் போன மாநிலம் இது. அந்த வாசலில் போய் நிற்பதற்கே கூசியவர்கள் ஏராளம். இன்னொரு வழி குணசீலம். முசிறி போகும் சாலையில், காவிரிக் கரையில், பிரசன்ன வெங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கி முகத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு மண்டலம் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை அங்கே யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இன்றைக்கும் அந்த மரியாதை கிடைத்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

ஆக, திட்டம் வந்தது. மனநல மருத்துவர் ஒருவர், உளவியலாளர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர், செவிலியர் ஒருவர், பதிவேடு பார்க்க ஓர் ஆள். இவர்களை ஒரு வண்டியில் ஏற்றி, வாரத்தில் ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று அனுப்புவது. மாவட்டத்தில் ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரை நோயாளி தேடி வராமல், டாக்டர் நோயாளியின் ஊர்ப்பக்கம் போக வேண்டும் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம். இதுபோன்ற ஒரு குழுவில் சமூகப் பணியாளராகச் சேர்ந்து, பிறகு அதைப் போன்ற குழுக்களின் வேலையைப் பார்வையிடுகிற பொறுப்புக்கு வந்தவன் நான். எந்த இடம், எந்த வருடம் என்று சொல்லவில்லை. சொல்லப்போவது என் தவறு. அதற்கு இன்னொருவர் பெயர் கெட வேண்டாம்.

எங்கள் மாத அறிக்கையில் முக்கியமான கட்டங்கள் இரண்டு. புது நோயாளி எத்தனை, பழைய நோயாளி எத்தனை. இரண்டும் போன மாதத்தைவிடக் கூடியிருந்தால் ரிவ்யூ மீட்டிங்கில் டீ வரும்போது எல்லோர் முகமும் மலர்ந்திருக்கும். குறைந்திருந்தால் ஆளாளுக்குக் குனிந்துகொள்வோம். நான் பொறுப்பேற்ற முதல் வருடம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நானும் பாராட்டிக்கொண்டே போனேன்.

கொள்ளிடக் கரைப்பக்கத்து ஊர் ஒன்றில் எங்கள் வாராந்திர முகாமைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் கைப்பையில் அரசாங்கம் கொடுக்காத ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். எண்பது பக்கம், நாலு கோடு போட்ட, பிள்ளைகள் ஆங்கிலம் எழுதிப் பழகும் நோட்டு. மேலே அட்டையில் ‘வராதவர்’ என்று நீல மையில் எழுதியிருப்பார். இந்த வாரம் வரவேண்டிய தேதி, வரவில்லை என்றால் பெயர், ஊர், பக்கத்து வீட்டு போன் நம்பர். வந்துவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஒரு மீட்டிங்கில் அவர், “சார், நாலு பேர் ரெண்டு மாசமா வரல சார்” என்றார். மணி ஐந்தரை. “அடுத்த மீட்டிங்ல பாப்போம் சிஸ்டர்” என்றேன்.

அந்த நாலு பேரில் ஒரு பையன் ஒன்றரை வருடமாக மாத ஊசி போட்டுக்கொண்டு, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அடுத்த மீட்டிங் வருவதற்குள் அவன் அம்மா ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்றுகொண்டிருந்தார். மகன் வீட்டை விட்டுப் போய் எட்டு நாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னதை நம்பி வந்திருக்கிறார். கோவில் வாசல், அடையவளஞ்சான் தெரு, படித்துறை, ரயில் நிலையம் என்று சுற்றியிருக்கிறார். வீட்டிலிருந்து கிளம்பிப்போன, வீட்டாரே கொண்டுவந்து விட்டுப்போன எத்தனையோ மனிதர்களுக்கு அந்தத் தீவு புகலிடம் என்பது ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரியும். சிஸ்டர்தான் எனக்கு போன் செய்தார். நான் போனபோது அந்த அம்மா திட்டவில்லை, அழவில்லை. கையில் ஓ.பி. சீட்டு, நாலாக மடித்து, வேர்வையில் ஊறி. அதை என்னிடம் நீட்டி, “தம்பி, இதுல ஊசி போடலன்னு எழுதியிருக்கா பாருங்க” என்றார்.

எழுதியிருந்தது. ‘இருப்பு இல்லை. அடுத்த மாதம் வரவும்.’

நடந்தது இவ்வளவுதான். ஒரு மாதம் ஊசி வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். அடுத்த மாதம் அவன் வரவில்லை. அந்த ஊசியின் வேலை சில வாரங்கள்தான். தவறினால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது, மெல்ல மெல்லத் தூக்கம் குறையும், காதில் குரல் திரும்பும். அதற்குள் எங்கள் அறிக்கையில் அவன் இடத்தை வேறு ஒரு பழைய நோயாளி நிரப்பியிருந்தார். கூட்டல் சரியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து வேறொரு மாவட்டத்து ரயில் நிலையத்தில், காலில் புண்ணோடு கிடைத்தான். பிழைத்தான். அதற்குப் பிறகு எந்த மீட்டிங்கிலும் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது சிஸ்டரின் நோட்டைத்தான்.

ஒருவர் ஏன் வரவில்லை என்று பிடித்துக்கொண்டு போனால் திட்டத்தின் ஒவ்வொரு ஓட்டையும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் மருந்து வாங்கித் தருவது 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் இருக்கும். வங்கிக் கணக்கு மாதிரி, ஒதுக்கிய தொகை, எடுத்த மருந்து, மிச்சம் எல்லாம் அதில் பதிவாகும். நல்ல ஏற்பாடு, மற்ற மாநிலங்கள் பார்த்துப் படித்த ஏற்பாடு. ஆனால் எத்தனை பேருக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பது மனிதர்தானே. காய்ச்சல் மாத்திரை தீர்ந்தால் வராந்தாவில் சத்தம் கேட்கும். மனநோய் மருந்து தீர்ந்தால் யாரும் சத்தம் போடுவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்விடுவார்கள். அதனால் இந்த மருந்துகளின் இருப்பை நோயாளி கேட்பதற்கு முன்னால் மேற்பார்வையாளர் கேட்டாக வேண்டும். இது தயவு காரியமும் அல்ல. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. அலைந்து திரிபவரைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமை காவல் நிலையத்துக்கு உண்டு, லாக்கப்பில் வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதை எத்தனை நிலையங்களுக்கு நேரில் போய்ச் சொல்லியிருக்கிறோம் என்பதையும் யாராவது ஒருவர் கணக்கு வைக்க வேண்டும்.

2015-16இல் எடுத்த தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போனது. நோய்க்கு நோய் மாறினாலும், சிகிச்சை தேவைப்படுபவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு அது கிடைக்கவில்லை என்றது. நான்கு மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் இப்போது 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் இருக்கிறது. அதனால் திட்டம் இல்லாத குறை என்று இனிமேல் சொல்ல முடியாது. நம் ஊரில் திட்டம் என்றால் தொடக்க விழா. அதற்கு மாலை உண்டு, போட்டோ உண்டு. பத்தாவது வருடம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அதே முகாமில் டாக்டர் உட்கார்ந்திருக்கிறாரா, ஊசி இருக்கிறதா, போன மாதம் வந்தவர் இந்த மாதம் வந்தாரா என்று பார்க்க ஆள் போடுவதில் மட்டும் கை சுருங்கிவிடுகிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. கோபமும் உண்டு.

நோயாளிகள் மட்டும்தான் காணாமல் போகிறார்கள் என்றில்லை. பணியாளர்களும் போகிறார்கள். தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள். எங்கள் குழுவில் ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் ஐந்தாறு முறை வந்து பேசிய ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த நாளும் அவள் வேலைக்கு வந்தாள். கோப்பை மூடி எண் போட்டாள். நாங்கள் அவளிடம் கேட்டது ‘கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தாய், எழுதிவைத்திருக்கிறாயா’ என்பது மட்டும்தான். இரண்டு மாதத்தில் வேலையை விட்டாள். ‘வராதவர்’ நோட்டில் அவள் பெயரையும் எழுதியிருக்க வேண்டும்.

மேற்பார்வை என்றால் நம் அலுவலக மொழியில் மேலிருந்து பார்ப்பது, இன்ஸ்பெக்‌ஷன். மனநலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. திருச்சியில் திட்டம் தொடங்கிய அதே 1996இல் கோவாவில் சங்கத் என்ற அமைப்பு தொடங்கியது. மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்ல வைத்தவர்கள். ஆயிரக்கணக்கான உரையாடல்களைக் கேட்டுத் திருத்த நிபுணருக்கு எங்கே போவது? அவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆலோசகர்கள் வாரம் ஒருமுறை வட்டமாக உட்காருவார்கள். நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்த ஓர் உரையாடலை எல்லோரும் கேட்பார்கள். எங்கே நன்றாகக் கேட்டாய், எங்கே அவசரப்பட்டாய் என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். நாளடைவில் அந்த மதிப்பெண்கள் நிபுணர்கள் போட்டதோடு ஏறக்குறைய ஒத்துப்போயின.

இதைப் படித்த பிறகு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்தேன். பதிவுக் கருவி எல்லாம் கிடையாது. அறிக்கை கிடையாது, எண்ணிக்கை கிடையாது. இந்த மாதம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லு. இதுதான் ஒரே விதி. முதல் சனிக்கிழமை பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் அண்ணன்தான் ஆரம்பித்தார். வண்டியில் கூட்டிவரும்போது தன் கையைப் பிடித்துக்கொண்டே வந்த ஒரு பாட்டியைப் பற்றி. அவரையும் அந்த வட்டத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்தவர் தானாகவே பேசினார்.

சிஸ்டர் போன வருடம் ஓய்வு பெற்றார். எட்டு நோட்டுகள் சேர்ந்திருந்தன. எட்டாவதைப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்தபோது நானும் போயிருந்தேன். அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் புரட்டி, சிவப்புக் கோடு இல்லாத பெயர்களை விரலால் எண்ணினாள். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

“இவர் ரெண்டு வருஷமா வரலையே சிஸ்டர். இனிமேயும் தேடணுமா?”

“அவுங்க அக்கா உறையூர்ல இருக்காங்கம்மா. தீபாவளிக்கு வருவாரு. முந்தின நாள் போய்ப் பாரு.”

அந்தப் பெண் பேனாவை எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் ‘உறையூர், தீபாவளிக்கு முந்தின நாள்’ என்று எழுதிக்கொண்டாள்.

(தொடரும்)