காரியாலயமும் குடிநீரும்

வருங்காலக் காரியாலயம் எவ்வாறு அமையும் என்பதைக் குறித்துப் பெரிய கம்பெனிகள் செய்யும் விளம்பரங்களைக் காணும்போது நமக்கு வியப்பு உண்டாகாமற் போகாது. வடிகட்டிக் குளிர்வித்த ஜலம் தரும் யந்திரங்கள், நீர் அருந்தும் வேளை வந்துவிட்டதென நினைவூட்டும் கைக்கடிகாரங்கள், எவ்வளவு குடித்தோமென்று கணக்கு வைக்கும் புட்டிகள் முதலியன அதில் நிறைந்திருக்குமாம். இவை யாவும் நல்லவையே. ஆனால், சிப்பந்தி நீர் அருந்தாதிருப்பதற்கு மறதிதான் காரணமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டாமா?

காரியாலய வேலை வெயிலில் செய்யும் வேலையன்று. ஆதலால் அங்கே தாகம் ஒரு பொருட்டல்ல என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. குளிர்சாதன அறையில் வியர்வை தெரிவதில்லை. தாகமும் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. ஆயினும் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் தேகம் நீரை இழந்துகொண்டேயிருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நீர் குறைந்தாலே தலை நோவும் கவனக்குறைவும் ஏற்படலாம் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். நாள்தோறும் இவ்வாறு நேர்ந்தால் சிறுநீர் செறிந்து, அதிலுள்ள உப்புக்கள் கல்லாகப் படிகின்றன. நெடுநேரம் அடக்கிவைப்போருக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமிகள் பெருகும். ஸ்திரீகளுக்கு இவ்வபாயம் அதிகம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் குடியாதவர்கள் பலர். டெலிபோனில் வாடிக்கைக்காரருக்குப் பதில் சொல்லும் காரியாலயங்களில், சிப்பந்தி ஆசனத்தைவிட்டு எழுந்திருக்கும் நிமிஷங்களை யந்திரம் எண்ணுகிறது. எழுந்தால் கணக்கில் குறை விழும். குடித்தால் எழ வேண்டியிருக்கும். ஆகவே குடியாமலிருப்பதே மேல் என்று அவள் தீர்மானிக்கிறாள். புட்டி மேஜையின்மேல்தான் இருக்கிறது. கை அதை நாடுவதில்லை. நமது பழைய கச்சேரிகளில் மூலையில் மணல் பரப்பி மண்பானை வைத்திருப்பார்கள். குமாஸ்தா எழுந்துபோய் மொண்டு குடித்துவிட்டு வருவார். அந்த நாலடி நடையும் அவருக்கு ஓர் இளைப்பாறுதலாயிருந்தது.

இவ்விஷயத்தில் காரியாலயத்தாருக்கு வழிகாட்டியவர்கள் கடைச் சிப்பந்திகளே. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் வேலைசெய்த பெண்கள், கழிப்பறை இல்லாமையால் நாள் முழுதும் நீர் அருந்தாமலிருந்த கொடுமையை எடுத்துக்காட்டிப் 'பெண்கூட்டு' என்ற பெயரில் ஒன்றுகூடிப் போராடினர். பின்னர் உட்காரும் உரிமையையும் கேட்டனர். 2018-ம் ஆண்டில் அந்த ராஜ்யம் சட்டத்தைத் திருத்திற்று. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் உட்காரும் வசதிக்கென ஒரு பிரிவைத் தமிழ்நாடு 2021-ல் சேர்த்தது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். கடையில் நிற்பவருக்கு உட்கார உரிமை கிடைத்தது. காரியாலயத்தில் உட்கார்ந்தே கிடப்பவருக்கோ எழுந்திருக்கும் உரிமை வேண்டும்.

இது புதிய கோரிக்கையென்று முதலாளிமார் சொல்லலாகாது. சுதந்திரம் பெற்ற மறுவருஷமே, அதாவது 1948-ல், நம்மவர் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், சுத்தமான குடிநீர் வைக்க வேண்டுமென்றும், அவ்விடத்தில் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் பாஷையில் அதைக் குறித்திருக்க வேண்டுமென்றும், 250 பேருக்கு மேற்பட்டோர் வேலைசெய்யுமிடத்தில் கோடையில் நீரைக் குளிர்விக்க வேண்டுமென்றும் விதித்தது. அதே சட்டம் கழிப்பறைக்கும் தனிப் பிரிவு வகுத்தது. தறிப்பட்டறைக்கும் இரும்பாலைக்கும் அன்று வேண்டியதாயிருந்த ஏற்பாடு கம்ப்யூட்டர் முன் அமர்ந்தவருக்கு வேண்டாதது எப்படி ஆகும்?

நாம் கேட்பது அதிகமில்லை. நீர் அருந்தவும் கழிப்பறை செல்லவும் ஆகும் நிமிஷங்களை வேலைக் கணக்கினின்றும் கழிக்கலாகாது. அவற்றைக் காட்டிச் சம்பளத்தையோ பதவி உயர்வையோ குறைக்கலாகாது என்று சர்க்கார் விதி செய்யட்டும். தொழில் இலாகாப் பரிசோதகர் காரியாலயத்துக்குச் செல்லும்போது குளிர்நீர் யந்திரத்தை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அந்த நிமிஷக் கணக்கையும் வாங்கிப் பார்க்கட்டும்.