டிராக்டரில் பாரவண்டி பூட்டும் இடம்

இருசக்கரப் பாரவண்டியைப் பூட்டும்பொழுது அதன் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில் இறங்குகிறது. பின்னச்சு ஏற்றத்தின் நடுத்தாங்கல்போல் நிற்க, முன்சக்கரங்கள் இலேசாகின்றன. அச்சுகளின் இடைவெளி 200 செண்டிமீட்டரும், கொக்கி பின்னச்சுக்கு 60 செண்டிமீட்டர் பின்னாலும் இருப்பின், கொக்கியில் இறங்கும் 500 கிலோ, முன்சக்கரங்களின் பாரத்தில் 150 கிலோவைக் குறைக்கும். மேடேறுகையில் இன்னும் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பின்னச்சுக்கு மேலான உயரத்தில் பூட்டி இழுத்தால் டிராக்டர் பின்புறமாக மல்லாந்து, ஓட்டுபவர் உயிருக்கே அபாயம் நேரும்.

தொடர்லாரிகளில் இணைப்புத்தட்டைப் பின்னச்சுக்குச் சற்று முன்னால் அமைப்பது, பாரத்தின் ஒரு பங்கு முன்சக்கரங்களிலும் இறங்குவதற்கே. டிராக்டரில் அதற்கு இடமில்லை. ஆகையால் கொக்கியைத் தாழ்வாகவும், திரும்புகையில் சக்கரத்தில் இடிக்காத அளவு நெருக்கமாகவும் அமைத்து, முன்புறம் எடைக்கட்டிகள் மாட்டுதல் வேண்டும். கரும்பை வண்டியின் முன்பகுதியில் குவித்தலாகாது. பின்பகுதியில் குவித்தாலோ வண்டி அலையும்.