ஐந்நூறு சுற்று, ஆயிரம் பிரேக்

மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒன்றரை டன் காரை இரண்டு மூன்று நொடிக்குள் 100 கிலோமீட்டருக்கு இறக்கி, கொண்டை ஊசி போன்ற ஒரு வளைவில் திருப்ப வேண்டும். திரும்பி முடிந்ததும் மீண்டும் முழு வேகம். நான்கைந்து நொடியில் அடுத்த வளைவு வந்துவிடும், மறுபடியும் பிரேக். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மற்ற கார்கள் இடித்துக்கொண்டு வர, இதையே மூன்று மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஆயிரம் தடவை செய்தாக வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மார்ட்டின்ஸ்வில் ஓடுதளத்தில் இலையுதிர் காலத்தில் நடக்கும் 500 சுற்று ஸ்டாக் கார் பந்தயம் இதுதான்.

ஸ்டாக் கார் என்பது தொடக்கத்தில் கடையில் விற்ற சாதாரணக் கார்தான். இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் இன்றைய காருக்கு அந்த உறவு வெளித்தோற்றத்தோடு சரி. உள்ளே இருப்பது எஃகுக் குழாய்க் கூடும் பெரிய வி8 எஞ்சினும். ஒரு மைலுக்கும் குறைவான சுற்றளவு கொண்ட தளங்களில் நடக்கும் பந்தயத்தை ஷார்ட் டிராக் பந்தயம் என்கிறார்கள்.

அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று மார்ட்டின்ஸ்வில். கிளே ஏர்ல்ஸ் என்பவர் கட்டி, 1947 செப்டம்பரில் திறந்தார். அப்போது நாஸ்கார் என்ற அமைப்பே பிறக்கவில்லை. முதலில் மண் தளம். 1955-ல் தார் போட்டார்கள். கனத்த கார்கள் வளைவுகளில் தாரைக் கிளறியெடுக்கவே, 1976-ல் வளைவுகள் மட்டும் கான்கிரீட் ஆயின. ஒரு சுற்று 847 மீட்டர். 244 மீட்டர் நீளத்தில் இரண்டு நேர்பாதைகள், இரு முனையிலும் இறுக்கமான வளைவுகள். 500 சுற்று போனால் 423 கிலோமீட்டர். வெற்றி பெறுபவருக்கு 1964 முதல் ஆளுயரப் பெண்டுலக் கடிகாரம் ஒன்று பரிசு.

வேகம் என்று பார்த்தால் இங்கே பிரமாதமாக ஒன்றுமில்லை. சுற்றுக்குச் சராசரி மணிக்கு 150, 160 கிலோமீட்டர்தான். ஆனால் மோட்டார் பந்தயத்தில் எஞ்சினைவிடப் பிரேக்குக்கும் டயருக்கும்தான் அதிக வேலை என்பதை இந்த அளவுக்குக் காட்டும் தளங்கள் மிகச் சில.

வளைவின் கணக்கு

வளைவில் போகும் எந்தப் பொருளுக்கும் மையத்தை நோக்கி இழுக்கும் ஒரு விசை தேவை. பள்ளிப் பாடத்தில் படித்த மையநோக்கு விசைதான். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் எவ்வளவு முடுக்கம் வேண்டும் என்று தெரிந்துவிடும். மார்ட்டின்ஸ்வில் வளைவின் ஆரம் ஏறத்தாழ 62 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் திரும்பினால் காரின் எடையைப் போல் சுமார் 1.3 மடங்கு விசை மையத்தை நோக்கித் தேவைப்படும்.

இந்த விசை இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, தளத்தின் சாய்வு. வளைவுகள் உட்பக்கமாக 12 டிகிரி சரிந்திருக்கின்றன. உராய்வே இல்லாத தளம் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சாய்வை மட்டும் நம்பி மணிக்கு 41 கிலோமீட்டரில்தான் திரும்ப முடியும். ஒப்பிட்டுப் பார்க்க, புளோரிடாவின் டேட்டோனா தளத்தில் சாய்வு 31 டிகிரி, ஆரம் 305 மீட்டர். அங்கே சாய்வு மட்டுமே மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும். மார்ட்டின்ஸ்வில்லில் மீதி முழுவதையும் நான்கு டயர்களின் பிடிப்பு தர வேண்டும். ரப்பருக்குத் தரையின் மேல் உள்ள பிடிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டும் வேகத்தில் நுழைந்தால் கார் சறுக்கிச் சுவரில் போய் மோதும். எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் இதை மாற்ற முடியாது.

ஒரே ஒருவர் வேறு வழி கண்டுபிடித்தார். 2022 அக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில். ராஸ் சாஸ்டெய்ன் என்ற ஓட்டுநர் கடைசிச் சுற்றில் பத்தாவது இடத்தில் இருந்தார். சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குள் நுழைய இன்னும் இரண்டு இடம் முன்னேற வேண்டும். சாதாரணமாக ஓட்டினால் நடக்காத காரியம். முடிவுக்கோட்டுக்கு எதிர்ப்பக்க நேர்பாதையில் ஐந்தாவது கியர் போட்டார். கடைசி வளைவில் எல்லோரும் பிரேக் மிதித்த இடத்தில் அவர் ஆக்சிலரேட்டரை மிதித்து, காரின் வலப்பக்கத்தை வெளிச்சுவரில் சாத்தி, சுவரை உரசியபடியே வளைவு முழுவதையும் கடந்தார். ஐந்து கார்களைத் தாண்டி ஐந்தாவதாக வந்தார். அவர் முந்த வேண்டியிருந்த டென்னி ஹாம்லினைக் கோட்டருகே முந்தினார். அந்தச் சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரம் 18.845 நொடி. அதுவரை அந்தத் தளத்தில் எந்த ஸ்டாக் காரும் தொடாத நேரம் அது.

இதில் மாயம் எதுவும் இல்லை. மணிக்கு 160 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே, சுவரோரம் திரும்பக் காரின் எடையைப் போல் இரண்டரை மடங்கு விசை வேண்டும். எந்த டயரும் அதைத் தராது. சுவர் தந்தது. கார் சுவரை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவும் சுவர் திருப்பி அழுத்தும் என்ற நியூட்டனின் மூன்றாம் விதிதான் காரைத் திருப்பியது. சிறுவயதில் ஆடிய வீடியோ கேமில் இந்த வித்தையைச் செய்ததுண்டு என்று சாஸ்டெய்ன் பிறகு சொன்னார். 2023 ஜனவரியில், இனி யாராவது இப்படிச் செய்தால் பாதுகாப்பு விதியின் கீழ் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அறிவித்துவிட்டது. ஆகவே மற்ற எல்லோருக்கும் பிரேக் ஒன்றே கதி.

வேகம் வெப்பமாகிறது

ஒன்றரை டன் கார் 190-லிருந்து 100-க்கு இறங்கும்போது இழக்கும் இயக்க ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். வீட்டில் குடத்து நீரில் ஐந்து லிட்டரை எடுத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு ஆற்றல் போதும். காற்றின் தடையும் எஞ்சினின் பின்னிழுப்பும் டயரும் இதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாக இறங்குகிறது. இருபது நொடிக்கு இரண்டு தடவை என்று கணக்கிட்டால், கார் சராசரியாக 150 கிலோவாட் திறனை ஓயாமல் உதறித் தள்ள வேண்டியிருக்கிறது.

மாலை மங்கும் நேரத்தில் வளைவின் முனையில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கார் நெருங்கும்போது சக்கரத்தின் உள்ளே இருட்டு. பிரேக் மிதித்த கணத்தில் முன்சக்கர டிஸ்க் செம்மஞ்சளாக ஒளிரும். நேர்பாதையில் காற்று பட்டு நிறம் மங்கும். ஆனால் பழைய நிலைக்குத் திரும்புமுன் அடுத்த வளைவு வந்துவிடும். அதனால் சுற்றுக்குச் சுற்று வெப்பம் மிச்சமாகிக் குவிகிறது. முன்பக்கத்திலிருந்து குழாய் வழியே காற்றை டிஸ்க்குக்குக் கொண்டுபோவதெல்லாம் இந்த மிச்சத்தைக் குறைக்கத்தான்.

குறையாவிட்டால் இரண்டு விதத்தில் ஆபத்து. பிரேக் ஆயில் கொதித்தால் உள்ளே வாயுக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, வாயுவை அமுக்கலாம். மிதி தரை வரை போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. இன்னொன்று, டிஸ்க்கின் சூடு சக்கர விளிம்புக்கு ஏறி, டயர் விளிம்பைக் கவ்வியிருக்கும் இடத்திலேயே ரப்பர் உருகிவிடும். டயரில் தேய்மானமே இருக்காது, ஆனாலும் காற்று போய்விடும். எனவே அனுபவசாலிகள் கடைசி நொடியில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதில்லை. சற்று முன்பே காலை எடுத்து, காரைத் தானாக உருளவிட்டு, வளைவின் நடுவிலிருந்து சீக்கிரம் வேகம் பிடிக்கிறார்கள். சுற்றுக்கு நொடியில் சிறு பங்கு போனாலும் 400-வது சுற்றில் அவர்களிடம் பிரேக் மிச்சமிருக்கும்.

இந்தப் பாடத்தைக் கோவைக்காரர் ஒருவரும் இதே தளத்தில் படித்திருக்கிறார். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் நாஸ்காரின் டிரக் தொடரில் அடியெடுத்து வைத்தது மார்ட்டின்ஸ்வில்லில்தான். அவர் பழகியிருந்தது கார்பன் பிரேக் கொண்ட, 600 கிலோவைச் சற்றே தாண்டும் கார். இங்கே கையில் கிடைத்தது இரும்பு டிஸ்க் கொண்ட ஒன்றரை டன் வண்டி. முதல் பந்தயத்திலேயே 13-வது இடத்தில் முடித்தார்.

டயர் சொல்லும் சேதி

நாஸ்கார் ஓவல் தளங்களில் எப்போதும் இடப்பக்கத் திருப்பம்தான். திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் சாயும் என்பதால் வலப்பக்க டயர்கள் இரட்டிப்புப் பாடுபடுகின்றன. அதைச் சமன் செய்யக் காரின் எடையை இயன்றவரை இடப்பக்கம் வைப்பார்கள். பின்சக்கரங்கள் ஒரே அச்சில் பூட்டப்பட்ட வண்டிகளில், வலப் பின்டயரைச் சற்றுப் பெரிதாகப் போடுவதும் உண்டு. இரண்டும் ஒரே எண்ணிக்கையில் சுழலும்போது பெரிய டயர் கூடுதல் தூரம் போகும், வண்டி தானாகவே இடப்பக்கம் வளையும்.

பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிறுத்தும் பிட்டில், கழற்றிய டயரை அடுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவதில்லை. ஒருவர் அனல் காட்டி, தளத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ரப்பர் கசடைச் சுரண்டியால் வழித்தெடுப்பார். பிறகு டயரின் மேல் உள்ள சிறு துளைகளில் அளவுகோலின் முனையை நுழைத்து, உள்ஓரம், நடு, வெளிஓரம் என்று எவ்வளவு ரப்பர் மிச்சம் எனக் குறிப்பார். உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வு அதிகம். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். முன்சக்கரம் பிடிக்காமல் கார் திரும்ப மறுத்தால் டைட் என்றும், பின்பக்கம் வழுக்கினால் லூஸ் என்றும் ஓட்டுநர் ரேடியோவில் சொல்வார். அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் நீண்ட ஸ்பேனரைப் பின்கண்ணாடித் துளை வழியே விட்டு ஒரு சுற்று, அரைச் சுற்று திருப்புவார். சக்கரங்களுக்கிடையே பாரம் பிரியும் விதம் மாறி, கார் சொன்னபடி கேட்கத் தொடங்கும்.

ரப்பர் சூட்டைப் பொறுத்துக் குணம் மாறும் பொருள். போதிய சூடு ஏறினால் இளகித் தரையின் நுண்பள்ளங்களில் படிந்து பிடிக்கும். அளவு மீறினால் பிடி விடும். தளம் குளிர்ந்திருந்தாலோ, தரையில் ஒட்டாமல் துகளாக உதிர்ந்துவிடும். இதற்கு டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் தளத்தில் 2024-ல் நடந்ததைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. முழுவதும் கான்கிரீட் தளம், அதுவும் 500 சுற்று. மார்ச் மாதக் குளிரில் நடந்த பந்தயத்தில் டயர்கள் ஐம்பது சுற்றுக்குள் தேய்ந்து போயின. வேகமாக ஓட்டியவர்கள் பின்தங்கினார்கள், டயரைக் காப்பாற்றியவர்கள் முன்னேறினார்கள். முதலிடம் 54 முறை கைமாறியது, ஷார்ட் டிராக் பந்தயங்களில் அது சாதனை. டென்னி ஹாம்லின் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அதே தளம், அதே வகை டயர். வெயிலில் சூடேறியிருந்த கான்கிரீட்டில் ரப்பர் ஒழுங்காகப் படிந்தது, தேய்மானமே பெரிதாக இல்லை. கைல் லார்சன் 500-ல் 462 சுற்றுகள் முதலிடத்திலேயே இருந்து வென்றார். பெரிதாக மாறியது பருவம்தான்.

இந்த வெப்பம் எல்லாம் ஓட்டுநரையும் விடுவதில்லை. கோடைப் பந்தயங்களில் காருக்குள் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூன்று மணி நேரத்தில் வியர்வையாகவே சில கிலோ எடை போய்விடும். சிறிய தளத்தில் கார்கள் நெருங்கி ஓடுவதால் முன்னால் போகும் வண்டியின் புகையைத்தான் பின்னால் வருபவர் சுவாசிக்கிறார். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. ரிக் மாஸ்ட் என்ற வீரரின் பந்தய வாழ்க்கை 2002-ல் முடிந்தது விபத்தால் அல்ல, ஆண்டுக்கணக்கில் உள்ளே போன இந்த நச்சு வாயுவால். ஹெல்மெட்டுக்குள் வடிகட்டிய காற்றை அனுப்பும் ஏற்பாட்டில் கவனம் கூடியது அதன் பிறகுதான்.

ஆகவே 500 சுற்றுப் பந்தயத்தில் ஜெயிப்பவர் அதிக வேகத்தில் போனவர் என்று சொல்வதைவிட, வெப்பத்தைச் சிக்கனமாகச் செலவழித்தவர் என்று சொல்வதே சரி. நமக்கும் இதில் வேலை இருக்கிறது. ஊட்டியிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ இறங்கும்போது, மலையின் உயரம் தந்த ஆற்றல் முழுவதும் உங்கள் பிரேக் வழியாகத்தான் வெளியேறப் பார்க்கும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், பாதிச் சுமையை எஞ்சின் வாங்கிக்கொள்ளட்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். வண்டியோடு வந்த கையேடு சொல்லும் காலத்தில் அதை மாற்றிவிடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பந்தயத்தில் பிரேக் போனால் மோதுவதற்குச் சுவர் இருக்கிறது. மலைப்பாதையில் பல இடங்களில் அதுவும் இல்லை.