மண்ணுக்கடியில் நிகழும் தவம்

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் ஆலயத்தின் தல விருட்சம் வன்னி. அங்கே திருப்பணி செய்தோருக்கு விபசித்து முனிவர் வன்னி இலைகளையே கூலியாக அளித்தார் என்றும், அவரவர் உழைப்புக்கேற்ப அவை பொன்னாயின என்றும் தல வரலாறு கூறுகிறது. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தின்போது ஆயுதங்களை மறைத்து வைத்ததும் வன்னி மரத்தில்தான். இத்தனை ஏற்றம் பெற்ற இம்மரம், மழை பொய்த்த நிலத்திலும் பசுமை காப்பது.

பொதுவாக மரங்கள் வறட்சியை எவ்வாறு தாங்குகின்றன? இலைகளில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நீர் ஆவியாகும்போது, வியர்வையால் நம் உடல் குளிர்வதுபோல் இலை குளிர்கிறது. மண்ணில் ஈரம் குறைந்ததும் மரம் அத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாரிக்க வேண்டிய காற்றும் உள்ளே வராது. ஆகவே இது ஒருவகை உபவாசமே. முன்பு சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு மரம் நாள்களைக் கடத்துகிறது. வில்வமும் அரசும் வறண்ட மாதங்களில் இலைகளையே உதிர்த்துவிடுவதுண்டு. அதைக் கண்டு மரம் பட்டுவிட்டதாக எண்ண வேண்டியதில்லை, அது தற்காப்பு.

வன்னியின் வழி வேறு. அதன் மிகச் சிறிய இலைகள் வெப்பத்தை எளிதில் காற்றுக்கு விட்டுவிடும். ஆணிவேரோ 30 மீட்டருக்கும் கீழே சென்று ஈரம் தேட வல்லது. ஆதலால் பிற மரங்கள் வாடும் கோடையிலும் அது தளிர்க்கிறது. தார் பாலைவன மக்களுக்கு இம்மரமே வாழ்வாதாரம். 1730ஆம் ஆண்டில் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், அரண்மனைத் தேவைக்காக வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி தொடங்கி பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைக் காக்க உயிர் துறந்தனர்.

ஆயினும் உபவாசத்துக்கும் எல்லை உண்டு. வறட்சி நீண்டால், வேரிலிருந்து நீரை மேலேற்றும் நுண்குழாய்களில் காற்றுக் குமிழ்கள் புகுந்து நீரோட்டம் அறுபடும். கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கும். அந்நிலையில் மரத்தடி மண்ணையும் சிமென்ட் தளத்தால் மூடிவிட்டால், பெய்கிற சிறு மழையும் வேருக்கு எட்டாது. வேர் சுவாசிக்கக் காற்றும் கிட்டாது. பஞ்சத்தைத் தாங்கிய மரம் நம் கைங்கரியத்தால் பட்டுப்போகலாம்.

தல விருட்சத்தை வலம் வரும் அன்பர்கள் சிலவற்றை மனத்திற்கொள்ளலாம். தளம் அமைக்கும் திருப்பணியில், மரத்தைச் சுற்றி இயன்ற அளவு அகலமாக மண்ணைத் திறந்துவிடும்படி நிர்வாகத்தாரிடம் எடுத்துரைக்கலாம். கோடையில் தண்ணீரை அடிமரத்தில் கொட்டாமல், சற்றுத் தள்ளி மெதுவாக ஊற்றுவது நலம். உதிர்ந்த சருகுகளை எரிக்காமல் மரத்தடியிலேயே பரப்பினால் ஈரம் காக்கும். விளக்குகளைப் பட்டையில் சூடு படாத தொலைவில் ஏற்றுவோம். புதிதாக நட்ட கன்றின் வேர் ஆழம் செல்லும்வரை, முதல் சில கோடைகளில் தவறாமல் நீர் வார்ப்போம். அதுவும் இறைவனுக்குச் செய்யும் அபிஷேகமே.