நீல மூடிக் குழாயில் குழந்தையின் ரத்தம்

டெங்கு காலம் வந்தால் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று கேட்காத வீடு இல்லை. அந்தப் பழக்கத்தில், ரத்தம் நிற்காத குழந்தைக்கும் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். ரத்தம் உறைய பிளேட்லெட்டோடு, காரணிகள் எனப்படும் புரதங்களும் வேண்டும். அவற்றின் குறையைக் காட்டுபவை பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு டெஸ்ட்கள்.

யாருக்குப் பார்க்க வேண்டும்?

தவழத் தொடங்கியதும் அடிக்கடி உடம்பு கன்றிப்போவது, லேசாக விழுந்தாலும் முட்டி வீங்குவது, காது குத்திய இடத்திலோ சுன்னத் செய்த இடத்திலோ ரத்தம் கசிந்துகொண்டே இருப்பது: இவற்றில் ஒன்றிருந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள். ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு, 8ஆம் காரணி குறைவதால் வரும் ரத்தக்கசிவு நோயான ஹீமோபிலியா ஏ வருகிறது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அந்த நோய் இருந்திருக்காது. 'எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே' என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தவர்கள் அதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 13ஆம் காரணிக் குறைபாடு போன்ற அரிய நோய்கள் உறவுத் திருமணங்களில் கூடுதலாக வருகின்றன. அந்தக் குறைபாட்டில் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசியும், ஆனால் பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் நார்மல் என்றே வரும். அதற்குத் தனி டெஸ்ட் உண்டு.

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் பழைய பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம் டெஸ்ட்களை மட்டும் நம்பி ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. லேசான ஹீமோபிலியா அவற்றில் தப்பிவிடும்.

கோடு வரை ரத்தம்

இந்த டெஸ்ட்களுக்கான இளநீல மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. 1.8 மி.லி. ரத்தம் பிடிக்கும் குழாயில் 0.2 மி.லி. சிட்ரேட். குழந்தை திமிறி அழுகிறதே என்று 1 மி.லி.யோடு ஊசியை எடுத்துவிட்டால் சிட்ரேட் மிஞ்சிவிடும். ரத்தம் உறைய அதிக நேரமாவதுபோல் ரிப்போர்ட் வரும். நன்றாக இருக்கும் குழந்தை காகிதத்தில் நோயாளியாகிவிடும். குறைகிறதே என்று ஊதா மூடிக் குழாயிலிருந்து ஊற்றி நிரப்புவது அதைவிட மோசம். அதிலுள்ள மருந்து வேறு.

நிரப்பியதும் குழாயை மூன்று நான்கு முறை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்து எடுக்க வேண்டும், குலுக்கக் கூடாது. உள்ளே சிறு கட்டி தெரிந்தாலும் அந்த சாம்பிள் வீண். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கியிருக்கக் கூடாது. ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்து செலுத்திய ஊசி வழியாக எடுக்கவும் கூடாது.

குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொள்ளட்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். இது வெறும் ஆறுதலுக்கு அல்ல. வீறிட்டு அழும்போது 8ஆம் காரணியும் வான் வில்லிபிராண்டு காரணியும் ரத்தத்தில் ஏறிவிடும். லேசான குறைபாடு மறைந்துபோகும்.

லேபுக்குப் போகும் வழி

எண்ணூரில் எடுத்த சாம்பிள் நகரத்திலுள்ள பெரிய லேபுக்குப் போவதென்றால், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் விரைவுச் சாலையைத் தாண்ட வேண்டும். ஏ.பி.டி.டி.யை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஐஸில் வைத்தும் அனுப்பக் கூடாது. குளிரில் சில காரணிகள் குறைந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். அறை வெப்பமே சரி. லேப் எங்கே, எத்தனை மணிக்கு டெஸ்ட் என்று கேட்டுவிட்டே கையை நீட்டச் சொல்லுங்கள். வழியில்லாவிட்டால் டெஸ்ட் நடக்கும் இடத்துக்கே குழந்தையைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுப்பது நல்லது.

பெரியவர் அளவு பொருந்தாது

பிறந்த குழந்தையின் கல்லீரல் முதிராததால் பல காரணிகள் குறைவாகவே இருக்கும், ஏ.பி.டி.டி. நீளும். பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள் பெரியவர் அளவை நெருங்கிவிடும். வயதுவாரியான இந்த அளவுகளைக் கனடா மருத்துவர் மோரீன் ஆண்ட்ரூ 1980களில் வகுத்துக் காட்டினார். ரிப்போர்ட்டில் பெரியவர் அளவு மட்டும் அச்சாகியிருந்தால் மருத்துவரிடம் சுட்டிக்காட்டுங்கள்.

ரிப்போர்ட்டில் அளவு நார்மலாக இல்லாவிட்டால் பதற வேண்டாம். புது சாம்பிளில் மறுபடி பாருங்கள். மறுபடியும் அப்படியே வந்தால், ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ தாமதிக்காமல் போங்கள். முடிவு தெரியும்வரை தசையில் ஊசி, காதுகுத்து, பல் பிடுங்குவது எதுவும் வேண்டாம்.